எட்டு நாள் மௌனத் தியானம்: மனக்கணக்கு போட்டே களைத்தவர்களுக்கு எந்த அளவு உதவும்?

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அன்பியத் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) தலைவி நம்மைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுகிறார். அதற்குப் பிறகு அன்று இரவு வரை மனசுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. போன கூட்டத்தில் நாம் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை, யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், இனி திருவிழாக் கமிட்டியில் நம் பெயர் இருக்காது. சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை, தீர்ப்பு மட்டும் எழுதியாகிவிட்டது. இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பங்குத்தந்தையர்களும் அருள்சகோதரிகளும் அடிக்கடி கைகாட்டுவது, சேசு சபையினரின் தியான இல்லங்களில் நடக்கும் எட்டு நாள் மௌனத் தியானத்தை. தனி வழிகாட்டியோடு செய்யும் அந்தத் தியானத்தில் என்ன கிடைக்கிறது, எது பலிக்கிறது, எங்கே சறுக்கும் என்பதுதான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று நாமே முடிவு கட்டும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. நினைத்ததையே நினைத்துக்கொண்டிருக்கும் ஓவர்திங்கிங்குக்குப் பாதி மருந்துதான். மீதிப் பாதி, வீட்டுக்குத் திரும்பிய பிறகு நாள்தோறும் பதினைந்து நிமிடம் உட்காருவதில் இருக்கிறது. நோயாகவே முற்றிவிட்ட மனக்கலக்கத்துக்கு இது மருந்தே அல்ல. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும்.

என்ன கிடைக்கிறது

இதன் அடிப்படை, சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள். 1548 ஜூலை 31 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற சிறு கைநூல் அது. வாசித்து முடிக்கிற நூல் இல்லை. வழிகாட்டி கையில் வைத்துக்கொண்டு நடத்துகிற நூல். முழுப் பயிற்சிக்கு ஏறக்குறைய 30 நாள் ஆகும், எட்டு நாள் என்பது அதன் சுருக்கம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், 1534-இல் பாரிசில் இஞ்ஞாசியாரிடமே இந்தப் பயிற்சிகளைச் செய்தவர். ஆகவே நம் கடற்கரைக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. சென்னையில் சேசு சபையினரின் தியான ஆசிரமம் இருக்கிறது. வேல்சில் புனித பியூனோ இல்லம் இருக்கிறது. ஸ்பெயினில் இஞ்ஞாசியார் தங்கிய மன்ரேசாக் குகையை ஒட்டியே ஒரு தியான இல்லம் நடக்கிறது. ஊருக்கு ஊர் சாப்பாடும் கட்டிலும்தான் மாறும், உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றே.

முதல் நாள் மாலை போய்ச் சேர வேண்டும், ஒன்பதாம் நாள் காலை கிளம்பலாம். தனி அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பாடுபட்ட சுரூபம். நாள்தோறும் திருப்பலி உண்டு. தலா ஒரு மணி நேரமாக நாளுக்கு நான்கு அல்லது ஐந்து முறை தனிச் செபம். வழிகாட்டியோடு நாளுக்கு ஒரு சந்திப்பு, அரை மணி முதல் முக்கால் மணி வரை. மற்ற நேரமெல்லாம் மௌனம், சாப்பாட்டு மேசையிலும்தான். பிரசங்கம் கிடையாது. பாட்டும் கைதட்டலுமாகப் பெருங்கூட்டத்தோடு நடக்கும் தியானத்துக்குப் போய்ப் பழகியவர்கள் இங்கே வந்து முதல் நாளே திகைத்துப்போவார்கள். அந்தக் கூட்டங்களுக்கும் பலன் உண்டு, ஆனால் இது வேறு வகை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிடக் கூடாது.

எழுதியவரே இந்த நோயில் கிடந்தவர்

பயிற்சிகளை எழுதியவர் மனம் அமைதியாக இருந்த ஒருவர் என்று நினைத்தால் தப்பு. 1522-இல் மன்ரேசாவுக்கு வந்த இஞ்ஞாசியார் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, விட்டுப்போனது எதுவும் இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தார். நாளுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று செபித்தும் நிம்மதி இல்லை. தங்கியிருந்த அறையில் இருந்த பெரிய பள்ளத்தில் குதித்துச் செத்துவிடலாமா என்கிற அளவுக்குப் போனது. கடவுள் இரங்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார்; குரு கட்டாயப்படுத்தித்தான் நிறுத்தினார்.

இதில் உற்றுப் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பழைய பாவங்களில் மிகத் தெளிவாகத் தெரிகிறதை மட்டும் சொன்னால் போதும் என்று குரு அவருக்குச் சொன்னார். கேட்க நல்ல ஆலோசனைதான். ஆனால் பலன் இல்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது. யோசித்து யோசித்து மாய்கிறவரிடம் ‘தேவையில்லாததை யோசிக்காதே’ என்று சொல்வது ஏன் எடுபடாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கிற தராசுதானே அங்கே பழுதாகியிருக்கிறது? கடைசியில் அவர் வெளியே வந்தது இன்னும் ஆழமாக ஆராய்ந்து அல்ல. கடந்தகாலத்தில் எதையும் இனி சங்கீர்த்தனம் செய்வதில்லை என்று முடிவெடுத்து அந்தக் கதவைச் சாத்தித்தான் வந்தார்.

இருபத்திரண்டாம் எண்

எட்டு நாளில் விலைமதிப்புள்ள பகுதி எது என்றால், நூலின் தொடக்கத்தில் 22-ஆம் எண்ணில் இருக்கும் சின்னப் பத்தி. பல வழிகாட்டிகள் இதை அவசரமாகத் தாண்டிப்போகிறார்கள், அது பெரிய நட்டம். அது சொல்வதன் சாரம் இது. நல்ல கிறிஸ்தவர் அயலார் சொன்னதைக் குற்றம் என்று தள்ளுவதைவிட, அதற்கு நல்ல பொருள் காணவே முந்த வேண்டும். நல்ல பொருள் காண முடியவில்லை என்றால், என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று அவரையே கேட்க வேண்டும். தப்பான அர்த்தத்தில்தான் சொன்னார் என்றால் அன்போடு திருத்த வேண்டும். அதுவும் போதவில்லை என்றால், அவர் சரியான அர்த்தத்துக்கு வர ஏற்ற வழிகளையெல்லாம் தேட வேண்டும்.

நான்கு படிகள். நாம் பொதுவாகத் தவறவிடுவது இரண்டாவது படியை. முதல் படியில் கொஞ்சம் முயன்று பார்ப்போம்: ‘சரி, அவருக்கு என்ன அவசரமோ.’ அது மனசுக்கு ஒட்டவில்லை என்றால் நேரே தண்டனைக்குத் தாவிவிடுவோம்; பேச்சைக் குறைப்போம், முகத்தைத் திருப்புவோம். நடுவில் இருக்கும் ‘அவரையே கேள்’ என்பதைச் செய்தால் பாதி வழக்கு அந்த இடத்திலேயே தள்ளுபடியாகிவிடும்.

இதை எழுதியவர் சந்தேகத்துக்கு ஆளாகி அடிபட்டவர் என்பதையும் மறக்கக் கூடாது. 1527-இல் அல்காலாவில் 42 நாள், பிறகு சலமன்காவில் 22 நாள் அவரைச் சிறையில் வைத்தார்கள். தன் பயிற்சிக் குறிப்புகளை அவரே விசாரணை செய்தவர்களிடம் கொடுத்து, படித்துப் பார்த்துக் கேளுங்கள் என்றார். கேட்டார்கள், குற்றம் காணாமல் விட்டார்கள். அந்தப் பத்தியின் இரண்டாம் படி எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமம் இல்லை.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ‘ஏன் என்னைக் கண்டுக்காம போனீங்க?’ என்பது கேள்வி மாதிரி இருக்கும் குற்றச்சாட்டு. ‘அக்கா, ஞாயித்துக்கிழமை வாசல்ல பாத்தேன், ஏதோ யோசனையா போன மாதிரி இருந்துச்சு. எல்லாம் நல்லா இருக்கா?’ என்றால் நாம் கண்டது மட்டும் அதில் இருக்கிறது, நாம் கட்டிய கதை இல்லை. நல்ல வழிகாட்டி இந்த வாக்கியத்தை நம்மையே எழுதவைத்து, அதில் ஊகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவார்.

யோசுவா 22: ஒரு மணி நேரம் எப்படிப் போகும்

வழிகாட்டி நாளுக்குச் சில விவிலியப் பகுதிகளைக் கொடுப்பார். பிறரைப் பற்றிய ஊகம்தான் நம் சிக்கல் என்றால் 1 சாமுவேல் 1-ஐக் கொடுப்பது வழக்கம். உதடு மட்டும் அசைய அழுது மன்றாடிய அன்னாவைக் குரு ஏலி குடிகாரி என்று நினைத்த பகுதி அது. அதைவிட ஆழமானது யோசுவா 22. யாரும் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இஸ்ரயேல் குலங்களில் ரூபன், காத்து, மனாசேயின் பாதிக் குலத்தார் வீடு திரும்பும் வழியில் யோர்தான் ஓரத்தில் பெரிய பலிபீடம் ஒன்று கட்டுகிறார்கள். செய்தி மற்றக் குலங்களுக்கு எட்டுகிறது. கடவுளை விட்டு விலகிவிட்டார்கள் என்று முடிவு கட்டிப் போருக்குச் சீலோவில் கூடிவிடுகிறார்கள். வாளை எடுப்பதற்குமுன் குரு பினகாசையும் பத்துத் தலைவர்களையும் அனுப்புகிறார்கள். போனவர்கள் கேள்வியோடு தொடங்கவில்லை, குற்றச்சாட்டோடுதான் தொடங்குகிறார்கள். ஆனாலும் பதிலைக் கேட்கும்வரை நிற்கிறார்கள். பதில் என்ன? அது பலியிடுவதற்கே இல்லை. ‘நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, ஆண்டவரிடம் உங்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, சாட்சிக்காகக் கட்டினோம்’ என்கிறார்கள்.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் போகிறார்கள். கட்டியவர்களும் ஊகத்தில்தான் கட்டினார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைகள் சொல்லப்போவதாக நினைத்த ஒரு சொல்லுக்குப் பயந்து கல்லடுக்கினார்கள். அந்தக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்ட மற்றவர்கள் வேறோர் ஊகத்தில் போருக்குக் கூடினார்கள். தியானத்தில் இந்தப் பகுதியோடு உட்காருகிறவர் பாதி மணி நேரம் சீலோவில் நிற்பார், மீதி நேரம் யோர்தான் கரையில் கல் சுமப்பார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஒழுங்கு உண்டு. செபிக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னாலேயே நிற்க வேண்டும். ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரத்துக்கு, கடவுள் என்னைப் பார்க்கிறார் என்பதை மட்டும் நினைத்து நிற்க வேண்டும். ஊரார் எப்படிப் பார்க்கிறார்கள் என்றே நாளெல்லாம் எண்ணுகிறவருக்கு இந்த அரை நிமிடமே பெரிய திருப்பம், இதைத் தாண்டிவிட்டு நேரே விவிலியத்தைத் திறக்காதீர்கள். பிறகு இடத்தைக் கண்முன் கொண்டுவருவது, வேண்டிய வரத்தைக் கேட்பது, காட்சிக்குள் போவது, கடைசியில் நண்பனிடம் பேசுவதுபோல் இயேசுவிடம் பேசுவது. எங்காவது ஒரு சொல் மனதைத் தொட்டால் அங்கேயே நிற்கலாம், அடுத்ததுக்கு ஓட வேண்டாம். மணி முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்தோ உலாவியோ என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்து இரண்டு மூன்று வரி குறித்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டியிடம் பேசப்போவது அந்தக் குறிப்பைத்தான்.

வறட்சியாக இருக்கிறது என்று நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுவது எல்லோருக்கும் வரும் சபலம். இஞ்ஞாசியார் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்: வறட்சியான நேரத்தில் ஒரு மணியைக் கொஞ்சம் தாண்டியே இருக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கு

எட்டு நாளில் கையோடு வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய சரக்கு இதுதான். ஆத்தும சோதனை என்றதும் சங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்வதுதான் நம் நினைவுக்கு வரும். பயிற்சிகளில் அது தவிரத் தனிச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு குறையை மட்டும் பிடித்துக்கொண்டு அதை எண்ணுவது.

நோட்டில் ஒரு பக்கத்தில் ஏழு நாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடாகப் பதினான்கு கோடு போட வேண்டும். காலையில் எழுந்ததும் இன்றைக்கு இதில் கவனமாக இருப்பேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதுவரை எத்தனை முறை விழுந்தோம் என்று எண்ணி முதல் கோட்டில் அத்தனை புள்ளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாம் கோட்டில் மீதி. இரவில் இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், மறுநாளை முதல் நாளோடும், அடுத்த வாரத்தைப் போன வாரத்தோடும். இடையில் விழுந்த நேரத்திலேயே கையை நெஞ்சில் வைக்க வேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம் என்று அவரே குறிப்பு எழுதியிருக்கிறார்.

தப்பு நடப்பது எதை எண்ணுவது என்பதில். ‘ஓவர்திங்கிங்’ என்று தலைப்புப் போட்டால் எண்ணவே முடியாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? ‘பிறரைத் தப்பாக நினைத்தது’ என்று போட்டாலும் போதாது. எண்ணத்தக்கதாக இருக்க வேண்டும்: ‘கேட்காமலே ஒருவருடைய நோக்கத்தை முடிவு கட்டியது.’ அதிலும், வந்துபோகிற எண்ணத்துக்குப் புள்ளி இல்லை. ‘ஏன் பதில் போடவில்லை?’ என்பது கேள்வி, புள்ளி கிடையாது. ‘வேண்டுமென்றேதான் போடவில்லை’ என்று நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒரு புள்ளி. இந்த எல்லையைப் போடாமல் தொடங்குகிறவர் முதல் நாளே ஐம்பது அறுபது புள்ளி வைத்துவிட்டு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். என்னுள் எழும் எண்ணங்களில் என்னுடையவையும் உண்டு, வெளியிலிருந்து வருபவையும் உண்டு என்று பயிற்சிகள் பிரிப்பதன் நடைமுறைப் பயன் இதுதான். வந்ததற்கெல்லாம் நாம் பொறுப்பாளி இல்லை, ஏற்றுக்கொண்டதற்குத்தான்.

உதாரணத்துக்கு ஒருவருடைய பக்கம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: திங்கள் மேலே 2, கீழே 7, செவ்வாய் 1, 6, புதன் 2, 8, வியாழன் 2, 2. கூட்டிப் பார்ப்பதைவிட வடிவத்தைப் பார்க்க வேண்டும். மாலைக் கோடுதான் கனக்கிறது, வியாழன் மட்டும் இல்லை. வியாழன் மாலை என்ன வேறுபாடு? செபக் கூட்டத்துக்குப் போனதால் இரண்டு மணி நேரம் போன் பையில் கிடந்தது என்று தெரியவந்தால், மற்ற நாள்களில் வாட்ஸாப்பில் நீல டிக் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தீனி போட்டது என்று புரியும். பிரசங்கம் கேட்டு இது தெரியவராது, புள்ளி வைத்தால்தான் தெரியும்.

இரவில் செய்யும் பொதுச் சோதனைக்கு ஐந்து படி: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, எழுந்த நேரம் முதல் மணிக்கு மணி நாளைப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கான தீர்மானம். பரலோக மந்திரத்தோடு முடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடமாவது நன்றிக்குக் கொடுங்கள். ஓவர்திங்கிங் உள்ளவர்கள் மூன்றாம் படியிலேயே நேரத்தையெல்லாம் செலவழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது ஆத்தும சோதனை இல்லை, பழைய வழக்கு வேறு கட்டடத்துக்கு மாறியது, அவ்வளவுதான். கெடிகாரத்தில் மணி வைத்துச் செய்வது நல்லது.

சஞ்சல விதிகள்

நூலில் 345 முதல் 351 வரை உள்ள எண்களில் இருக்கும், மனச்சாட்சியின் சஞ்சலம் பற்றிய குறிப்புகளை எட்டு நாளில் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. தேவைப்படுகிறவர் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வைக்கோல் துரும்பு சிலுவைபோல் கிடக்கிறது. அதை மிதித்துவிட்டு, பாவம் செய்துவிட்டேன் என்று ஒருவர் தாமாகவே முடிவு கட்டுகிறார். இது வெறும் தவறான தீர்ப்பு என்கிறார் இஞ்ஞாசியார். அதற்குப் பிறகு ‘செய்தேனோ, செய்யவில்லையோ’ என்று வெளியிலிருந்து ஓர் எண்ணம் வந்து இழுத்தடிப்பதுதான் உண்மையான சஞ்சலம். முதலாவதை வெறுத்து ஒதுக்க வேண்டும். இரண்டாவது கொஞ்ச காலம் ஆன்மாவைச் சுத்தப்படுத்தும், எப்போதும் அல்ல.

அடுத்த குறிப்பு இன்னும் கூர்மையானது. மனச்சாட்சி தடித்தவரைத் தீய தூண்டுதல் மேலும் தடிக்கவைக்கும். மென்மையானவரை ஓர் எல்லையே இல்லாமல் மேலும் மென்மையாக்கும். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போவதுதான் வழி. ஆகவே ஒரே குழுவில் இருக்கும் இருவருக்கு எதிர் எதிரான ஆலோசனை கிடைக்கலாம்: ஒருவரிடம் ‘நன்றாக ஆராய்ந்து பாருங்கள்’, இன்னொருவரிடம் ‘இனி ஆராயாதீர்கள்’. இரண்டாமவர் முதலாமவரின் நோட்டைப் பார்த்துத் தானும் புள்ளி வைக்கத் தொடங்கினால் கெட்டது. மிக நுணுக்கமாகத் தன்னைக் குடைந்துகொள்கிறவர் வழிகாட்டியின் சம்மதம் இல்லாமல் புள்ளிக் கணக்கைத் தொடவே கூடாது.

நல்ல காரியம் செய்யப்போகும்போது ‘பெருமைக்குச் செய்கிறாள் என்று சொல்வார்களே’ என்ற எண்ணம் வந்தால் என்ன செய்வது? 351-ஆம் எண்ணில் புனித பெர்நார்துவின் பதில் இருக்கிறது: உனக்காக நான் தொடங்கவும் இல்லை, உனக்காக நிறுத்தப்போவதும் இல்லை. பாடகர் குழுவில் சேரலாமா, வாசகம் வாசிக்கப் பெயர் கொடுக்கலாமா என்று ஆறு மாதமாகத் தயங்கி நிற்பவர்களுக்கு இந்த ஒரு வரிக்காகவே இந்தத் தியானத்தைப் பரிந்துரைக்கலாம்.

குறைகள்

இரண்டாம் மூன்றாம் நாள் நிலைமை மோசமாகும், இதைப் பதிவு செய்யும்போது பலர் சொல்வதில்லை. போன் இல்லை, பேச்சு இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய மச்சினர் சண்டை கூட எழுந்து வந்து உட்காரும். அந்த நேரத்தில் பெட்டியைக் கட்டுகிறவர்கள் உண்டு. மனம் இருண்டிருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது பயிற்சிகளின் தெளிவான விதி. கிளம்ப நினைத்தால் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு, ஓர் இரவு தூங்கிவிட்டு முடிவெடுங்கள்.

வழிகாட்டி சரியில்லை என்றால் எல்லாம் வீண். அவர் தராசு முள்போல் நடுவில் நிற்க வேண்டியவர். பாவங்களைத் துருவிக் கேட்பதும், தம் கருத்தைத் திணிப்பதும் அவர் வேலை அல்ல. செபத்தில் என்ன எழுந்தது என்பதை மட்டும் அவருக்குச் சொன்னால் போதும். அதே நேரம், மறைத்து வைக்கிற எண்ணமே வளரும், வெளியே சொன்னதும் அதன் பலம் போய்விடும் என்பதும் நூலில் உள்ள விதிதான். பதிவு செய்யும் முன், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்துப் பேர் என்றால் அரை மணி வீதம் அவருக்கே ஐந்து மணி நேரம். அதற்கு மேல் போனால் நம் முறை பத்து நிமிடமாகச் சுருங்கிவிடும். அந்த வழிகாட்டி தமிழில் பேசுவாரா என்பதையும் கேளுங்கள். மனக்குமுறலை இரண்டாம் மொழியில் சொல்ல வேண்டி வந்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும். ‘எட்டு நாள் தியானம்’ என்ற பெயரில் நாளுக்கு இரண்டு மூன்று பிரசங்கம் வைத்து நடத்துவதும் உண்டு, அது தனி வழிகாட்டுதல் இல்லை. தேதி கேட்கும்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் சுருக்கம் கிடைத்தால் எடுக்கலாமா? முதல் முறை மௌனத்தைப் பழக எடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன குழப்பமான நாளிலேயே அது முடிந்துவிடும் என்பது தெரிந்திருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களும் லீவு கிடைக்காதவர்களும் வீட்டில் இருந்தபடியே செய்யும் முறையைக் கேட்கலாம். நூலின் 19-ஆம் குறிப்பில் நாளுக்கு ஒன்றரை மணி என்று இதற்கு இடம் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலும் வாரம் ஒரு சந்திப்பாகச் சுமார் 30 வாரம் போகும். ஊகப் பழக்கத்துக்கு உண்மையில் இதுவே கூடுதல் பலன் தரும், ஏனென்றால் மாமியாரும் மேனேஜரும் அதே வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கிறார்கள். தியான இல்லத்தில் எட்டு நாள் யாரும் நம்மை உரசுவதில்லை.

மற்றச் சபையினரையும் பல இல்லங்கள் சேர்த்துக்கொள்கின்றன. நற்கருணை வாங்குவதில் மட்டும் கத்தோலிக்க ஒழுங்கு இருக்கும். கட்டணம் சில இடங்களில் நாளுக்கு இவ்வளவு என்று, சில இடங்களில் உறையில் போட்டுக் கொடுப்பது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், வசதி இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் வழி பண்ணுவார்கள்.

யார் போகக் கூடாது என்பதுதான் முக்கியம். பல நாளாகத் தூக்கமே இல்லாதவர், கை கழுவுவதையும் பூட்டைப் பார்ப்பதையும் நிறுத்த முடியாதவர், சாவைப் பற்றிய எண்ணம் வருகிறவர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எட்டு நாள் மௌனம் அவர்களுக்குச் சுமையைக் கூட்டும். இந்தியாவில் டெலி-மானஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலும் பேசலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் தியானத்துக்கென்று நிறுத்தக் கூடாது, வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று எந்த இல்லத்தில் யார் சொன்னாலும், அந்த இல்லத்தை விட்டு வேறு இடம் பாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான். தமிழ் விவிலியம், ஒரு நோட்டு, இரண்டு பேனா, போனை நம்பாமல் ஒரு சின்ன அலாரக் கெடிகாரம், போர்வை, நடக்க வசதியான செருப்பு. பக்திப் புத்தகங்கள் வேண்டாம். எட்டு நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தை வாசித்துத் தம் மனதைச் சந்திக்காமலே திரும்பி வருகிறவர்கள் நிறைய.

ஒன்பதாம் நாள் காலை போனைத் திறந்ததும் நூற்றுக்கணக்கில் செய்தி கொட்டும். எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பதில் போட உட்காராதீர்கள். வழிகாட்டி நம்மை எழுதவைத்த அந்த ஒரு கேள்வி யாருக்கோ, அவரை மட்டும் அன்று மாலைக்குள் நேரிலோ போனிலோ கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். இரவில் முதல் பக்கத்தில் பதினான்கு கோடு போட்டு வையுங்கள்.